காட்டில் வைத்த பரீட்சை

ஓட ஆள் இல்லை.

1918ம் வருடம். ஸ்வீடனின் தலைநகரம் ஸ்டாக்ஹோம். எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற மனிதருக்கு இருந்த பெரிய தலைவலி இதுதான். ராணுவ அதிகாரி. சாரணர் இயக்கத்தில் பையன்களை மேய்த்தவர். கூடவே, ஸ்டாக்ஹோம் அமெச்சூர் தடகளச் சங்கத்தின் தலைவர். சங்கம் இருந்தது. மைதானம் இருந்தது. ஆறே ஆறு வருடங்களுக்கு முன்னால், 1912ல், இதே ஊரில்தான் ஒலிம்பிக் நடந்தது. உலகமே வந்து ஓடிவிட்டுப் போன ஊர். கோபுரமெல்லாம் வைத்துக் கட்டிய அந்தச் செங்கல் ஸ்டேடியம் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தது.

இளைஞர்களைத்தான் காணோம்.

ஏன் வரவில்லை? யோசித்துப் பார்த்தால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வட்டமாக ஓடு. புறப்பட்ட இடத்துக்கே வா. மறுபடி ஓடு. செக்கு மாடும் இதைத்தானே செய்கிறது? கால்தான் வேலை செய்கிறது. தலைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இன்னும் எத்தனை சுற்று பாக்கி என்று எண்ணுவதைத் தவிர.

இன்னொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? ‘இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வணங்கவில்லை’ என்று சலித்துக்கொண்டு ஒரு தீர்மானம் போட்டிருப்பார். பரிசுத்தொகையைக் கூட்டியிருப்பார். கில்லாண்டர் வேறு மாதிரி யோசித்தார். பையன்களை மைதானத்துக்கு இழுப்பதற்குப் பதிலாக ஓட்டத்தைக் காட்டுக்குள் கொண்டுபோனால் என்ன? கையில் ஒரு மேப், ஒரு திசைகாட்டி. வழி சொல்ல மாட்டோம். நீயே கண்டுபிடித்து ஓடு.

யோசனை முழுக்க அவருடையது என்று சொல்லிவிட முடியாது. தெரியாத நிலப்பரப்பை மேப்பும் திசைகாட்டியும் கொண்டு கடப்பதற்கு ‘ஓரியன்டேரிங்’ என்று ஸ்வீடன் ராணுவத்தில் 1886லேயே பெயர் வைத்துவிட்டார்கள். அது அதிகாரிகளுக்கான பயிற்சி. அண்டை நாடான நார்வேயில் 1897 அக்டோபர் 31 அன்று, தலைநகரத்துக்கு அருகே, பொதுமக்களுக்கென்றே ஒரு போட்டி வைத்துப் பார்த்தார்கள். தூரம் 19.5 கிலோமீட்டர். கலந்துகொண்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? எட்டு.

ஆக, விதை ஏற்கெனவே இருந்தது. முளைக்கத்தான் இல்லை. ராணுவத்துக்காரருக்கு மேப் தெரியும். தடகளக்காரருக்கு ஓடத் தெரியும். சாரணர் தலைவருக்குப் பதினெட்டு வயதுப் பையனின் மனசு தெரியும். கில்லாண்டர் இந்த மூன்றுமாக இருந்ததுதான் விசேஷம்.

1919 மார்ச் 25. ஸ்டாக்ஹோமுக்கு வெளியே நாக்கா என்கிற இடம். மார்ச் கடைசி என்றால் நமக்குப் பங்குனி வெயில். அங்கே காட்டுக்குள் இன்னும் பனிக்காலம் முழுதாக விடைபெற்றிருக்காது. அன்றைக்கு வந்து நின்றவர்கள் இருநூறு பேருக்கு மேல்!

எட்டு எங்கே, இருநூறு எங்கே. அதே கால்கள்தான். அதே மூச்சிரைப்புதான். மைதானத்தில் ஓட மாட்டேன் என்று முரண்டு பிடித்த தலைமுறை, மேடும் பள்ளமும் பாறையுமான இடத்தில் ஓடத் தயாராக வந்து நின்றது. காரணம், இந்த முறை ஓட்டத்தில் ஒரு புதிர் இருந்தது. ஸ்வீடன்காரர்கள் கில்லாண்டரை இந்த விளையாட்டின் தந்தை என்று கொண்டாடுவது சும்மா இல்லை. அதற்குப் பிறகும் அவர் உட்கார்ந்துவிடவில்லை. பாதை எப்படி அமைய வேண்டும், அடையாளங்களை எங்கே வைக்க வேண்டும், எந்த வயதுக்கு எவ்வளவு தூரம் என்று விதி விதியாக எழுதிக்கொண்டே இருந்தார்.

இங்கிலீஷ்காரர்கள் வாயில் அது ‘ஓரியன்டீரிங்’ ஆனது. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காக, இன்றைக்கு அது எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புறப்படும் நொடியில் உங்கள் கையில் ஒரு மேப் வரும். அதற்கு முன்னால் அதைப் பார்க்க முடியாது. அந்தக் காட்டில் முன்கூட்டியே போய் உலாத்திவிட்டு வரவும் கூடாது. தடை. மேப்பில் ஒரு முக்கோணம். அது புறப்படும் இடம். பிறகு 1, 2, 3 என்று எண் போட்ட சின்னச் சின்ன வட்டங்கள். கடைசியில் ஓர் இரட்டை வட்டம். அங்கே முடிகிறது. ஒவ்வொரு வட்டத்தின் நடுப்புள்ளியிலும், நிஜக் காட்டில், ஒரு பாறைக்குப் பின்னாலோ ஓடை வளைவிலோ, ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு சின்னக் கொடி இருக்கும். வரிசை மாறாமல் அத்தனையையும் தொட்டுவிட்டு வர வேண்டும். எந்த வழியாகப் போவது என்பது உங்கள் பாடு. குன்றின் மேல் ஏறி இறங்கலாம். சுற்றிக்கொண்டு போகலாம். முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்து ஓடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தனிநபர் போட்டிகளில் பெரும்பாலும் சில நிமிட இடைவெளி விட்டுத்தான் ஒவ்வொருவரையும் அனுப்புவார்கள்.

அந்த மேப்பில் ஒரு வேடிக்கை. நம் பள்ளிக்கூட மேப்பில் காடு என்றால் பச்சை. இதில் வெள்ளை! நன்றாக ஓடக்கூடிய, இடைவெளி விட்டு மரங்கள் நிற்கிற காடு வெள்ளை. பச்சை என்றால் புதர் மண்டியிருக்கிறது, உள்ளே போனால் மாட்டிக்கொள்வாய் என்று அர்த்தம். பச்சை எவ்வளவு கரும்பச்சையோ அவ்வளவு சிரமம். திறந்தவெளி மஞ்சள். அதாவது, காட்டை மரத்தின் கணக்கில் அல்ல, ஓடுகிறவன் காலின் கணக்கில் வரைந்திருக்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

இதில் ஜெயிப்பவர் யார்? வேகமாக ஓடுகிறவர்தானே? அங்கேதான் சிக்கல். தடகளத்தில் சூரராக இருக்கும் ஒருவர் காட்டுக்குள் புகுந்து, தவறான திசையில் அபார வேகத்தில் ஓடினால் என்ன ஆகும்? மெதுவாக ஓடுகிறவரைவிடச் சீக்கிரமாகத் தொலைந்துபோவார். அவ்வளவுதான்.

உட்கார்ந்த இடத்தில் மேப் படிப்பது பெரிய வித்தை இல்லை. நாற்காலி, மேஜை, ஒரு டம்ளர் காபி இருந்தால் யாரும் படித்துவிடலாம். நாடித்துடிப்பு நூற்று எழுபதைத் தாண்டி அடிக்கும்போது, வியர்வை கண்ணில் இறங்கும்போது, அடுத்த அடி வைக்கப்போகும் கல் வழுக்குமா வழுக்காதா என்று பார்த்துக்கொண்டே படிக்க வேண்டும். கவனம் என்பது கையில் இருக்கும் சில்லறை மாதிரி. அளவாகத்தான் இருக்கிறது. அதை மூன்று இடத்தில் செலவழித்தாக வேண்டும். மேப்புக்குக் கொஞ்சம். சுற்றியிருக்கும் காட்டுக்குக் கொஞ்சம். காலடிக்குக் கொஞ்சம். ஒன்றில் கூடுதலாகக் கொடுத்தால் இன்னொன்றில் துண்டு விழும். மேப்பிலேயே மூழ்கினால் மரவேரில் தடுக்கும். காலையே பார்த்துக்கொண்டு ஓடினால், திரும்ப வேண்டிய ஓடை தாண்டிப் போயிருக்கும்.

பிரிட்டனில் டேவிட் எக்கிள்ஸ் என்கிற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இந்த மூன்று பங்குக் கணக்கைத்தான் பிடித்துக்கொண்டார்கள். தேர்ந்த வீரர்களிடம் பேசி 2002ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சொல்வது ஒன்று, செய்வது ஒன்றாக இருந்துவிட்டால்? அதனால் வீரர்களின் தலையில் கேமராவை மாட்டிக் காட்டுக்குள் அனுப்பி, 2006ல் இன்னொன்று. தெரிந்தது என்னவென்றால், அனுபவசாலிகள் மேப் பார்ப்பதற்காக நிற்பது குறைவு. ஓடிக்கொண்டேதான் பார்க்கிறார்கள். கற்றுக்குட்டிகள் நின்று நின்று பார்க்கிறார்கள்.

இதெல்லாம் பிறவி ஞானம் இல்லை. சின்னச் சின்னத் தந்திரங்கள். மேப்பைச் சிறிதாக மடித்து, தாங்கள் இருக்கும் இடத்தின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொள்வார்கள். ஓட ஓட விரலும் நகரும். குனிந்து பார்க்கும்போது ‘நான் எங்கே இருக்கிறேன்’ என்று முழுத் தாளிலும் தேட வேண்டாம். ஒரு விரல், சில விநாடிகளை மிச்சம் பிடித்துவிடுகிறது. இன்னொன்று, டிராஃபிக் சிக்னல் முறை. சாலையோ, வேலியோ, பெரிய மலைச்சரிவோ கூடவே வருகிறதா? பச்சை விளக்கு. ஓடு. நிலம் குழப்புகிறதா? மஞ்சள். வேகத்தைக் குறை. கொடி இருக்கும் வட்டத்துக்குள் நுழைகிறாயா? சிவப்பு. நடந்தாலும் பரவாயில்லை, நிதானமாகப் பார். காட்டுக்குள் சிக்னல் கம்பம் கிடையாது. தலைக்குள் நட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கருவிகளின் கதையும் இதே கவனத்தின் கதைதான். ஆரம்ப காலத்துப் பந்தயங்களில் கொடுத்தது ராணுவ மேப்கள். ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். அதில் பாறையும் தெரியாது, பள்ளமும் தெரியாது. பழைய திசைகாட்டியில் முள் ஆடும், ஆடும், ஆடிக்கொண்டே இருக்கும். அது அடங்கும்வரை ஓடுகிறவன் தவம் கிடக்க வேண்டும். 1930களில் கெல்ஸ்ட்ரோம் சகோதரர்களும் குன்னார் டில்லாண்டர் என்பவரும் சேர்ந்து இதற்கு ஒரு வழி பண்ணினார்கள். கண்ணாடி மாதிரி தெரிகிற ஒரு தகட்டில் திசைகாட்டி. மேப்பின்மேல் வைத்தால் அடியில் இருப்பது தெரியும். கோணமானியும் அதிலேயே. பிறகு உள்ளே திரவம் நிரப்பினார்கள். முள் உடனே அடங்கியது. ‘சில்வா’ என்கிற பெயரில் அந்தச் சாமான் உலகம் சுற்றியது. 1950ல் நார்வேயில் ஓரியன்டீரிங்குக்கென்றே வண்ண மேப் வரைந்தார்கள். நின்று பார்க்கும் விளையாட்டு, ஓடிக்கொண்டே பார்க்கும் விளையாட்டாக மாறிய கதை இதுதான்.

ஃபின்லாந்துக்காரர்கள் கொஞ்சம் முரட்டு ஆசாமிகள். பகலில் ஓடினால் போதாது என்று 1949ல் ‘யுக்கோலா’ என்று ஓர் அஞ்சல் ஓட்டம் ஆரம்பித்தார்கள். அலெக்ஸிஸ் கிவி எழுதிய ‘ஏழு சகோதரர்கள்’ நாவலில் வரும் வீட்டின் பெயர் அது. ஆகவே ஓர் அணிக்கு ஏழு பேர். ஜூன் மாதத்தில், ராத்திரி பதினோரு மணி வாக்கில் புறப்பட்டு விடிய விடிய ஓடுகிறார்கள். நெற்றியில் விளக்கு. விளக்கு வெளிச்சம் விழும் இடம்தான் உலகம். கவனம் சிதறினால் உங்களோடு சேர்த்து இன்னும் ஆறு பேர் அம்பேல்.

1961ல் கோபன்ஹேகனில் பத்து நாடுகள் கூடி சர்வதேச சம்மேளனம் அமைத்தன. கிழக்கு ஜெர்மனியும் மேற்கு ஜெர்மனியும் அதே மேஜையில். பெர்லினில் சுவர் எழுந்தது அதே வருடம்தான் என்பதை நினைவில் கொள்ளவும். 1966ல் ஃபின்லாந்தின் ஃபிஸ்கார்ஸில் முதல் உலகப் போட்டி. ஆண்களில் நார்வேயின் ஓகே ஹாட்லர், பெண்களில் ஸ்வீடனின் உல்லா லிண்ட்க்விஸ்ட். 1977ல் ஒலிம்பிக் கமிட்டி அங்கீகாரம் கொடுத்தது. அங்கீகாரம் மட்டும்தான். கோடைக்கால ஒலிம்பிக்கில் இதுவரை சேர்க்கவில்லை. மரத்துக்குப் பின்னால் நடக்கும் பந்தயத்தை டி.வி.யில் எப்படிக் காட்டுவது?

சரி. காலும் தலையும் ஒன்றாக உழைத்தால் தலை உண்மையிலேயே கூர்மையாகிறதா? அல்லது இது வெறும் விளையாட்டுக்காரர்களின் பெருமையா?

முதலில் எதிர்க்கட்சி வாதத்தைக் கேட்டுவிடுவோம். காட்டுக்குள் ஓடுகிறவர்களைப் பிடிக்கும் ஒரு வியாதி உண்டு. அவர்கள் பாஷையில், ‘மேப்பை வளைப்பது’. களைத்துப்போன ஓட்டக்காரர் ஓர் ஓடைக்கரைக்கு வருகிறார். மேப்பில் அவர் எதிர்பார்த்ததும் ஓர் ஓடைதான். ஆனால், இது அதுவல்ல. நூறு மீட்டர் தள்ளி ஓடும் இன்னொன்று. எதிர்க்கரையில் ஒரு பெரிய பாறை நிற்கிறது. மேப்பில் பாறை இல்லை. உட்கார்ந்து யோசிக்கிறவனாக இருந்தால் உடனே சந்தேகப்படுவான். மூச்சு வாங்குகிறவனோ, ‘மேப் வரைந்தவன் விட்டுவிட்டான்போல’ என்று சொல்லிக்கொண்டு மேலே ஓடுகிறான். பாறையைக் கண் பார்த்தது. மூளை ஏற்றுக்கொள்ளவில்லை. களைப்பு கண்ணை மறைப்பதில்லை. தனக்கு வேண்டியதை மட்டும் பார்க்க வைக்கிறது. அப்படியானால் உடம்பை வருத்துவது கவனத்தைக் கெடுக்கத்தானே செய்கிறது?

கெடுக்கவும் செய்யும். கில்லாண்டர் காட்டுக்குள் போவதற்குப் பதினொரு வருடம் முன்னால், 1908ல், அமெரிக்காவில் யெர்க்ஸ், டாட்சன் என்று இரண்டு பேர் எலிகளுக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்துப் பாடம் நடத்திப் பார்த்தார்கள். பாடம் சுலபமாக இருந்தால் அதிர்ச்சி பலமாக இருந்தாலும் எலி கற்றுக்கொண்டது. கஷ்டமான பாடமென்றால் நிலைமை வேறு. மிதமான அதிர்ச்சிவரைதான் பிரயோசனம். அதற்கு மேல் கூட்டினால் படிப்பு கெட்டது. பின்னால் வந்தவர்கள் இதை மனிதர்களுக்கும், உடற்பயிற்சிக்கும், பரீட்சை பயத்துக்கும் இழுத்து இழுத்துப் பொருத்தினார்கள். எலிக்குக் கொடுத்த ஷாக்கையும் நாம் ஓடும் ஓட்டத்தையும் ஒரே தராசில் வைப்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் ஓரியன்டீரிங் ஆட்களின் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகளை நினைத்துப் பாருங்கள். அவர்கள் புத்தகம் படித்து வந்தவர்களில்லை. முட்டி பெயர்ந்து வந்து சேர்ந்தவர்கள்.

இப்போது ஆளுங்கட்சி வாதம்.

ஜெர்மனியில் ரோல்ஃப் பிரிக்கென்காம்ப் என்கிற உளவியலாளர் 1962ல் கவனத்தை அளக்க ஒரு பரீட்சை தயாரித்தார். பெயர் ‘டி-2’. ஒரு தாள் நிறைய ஆங்கிலச் சின்ன எழுத்துகள். டி, பி இரண்டே இரண்டுதான். ஒன்றைத் தலைகீழாகப் புரட்டினால் மற்றது. ஒவ்வோர் எழுத்துக்கும் மேலேயோ கீழேயோ குட்டிக் குட்டிக் கோடுகள். மொத்தம் இரண்டு கோடு வாங்கிய டி-யை மட்டும் அடித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு கோடு, மூன்று கோடு டி-க்களைத் தொடக்கூடாது. பி பக்கமே போகக்கூடாது. ஒரு வரிக்கு 20 விநாடி. 14 வரி. கேட்கச் சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரியும். ஆறாவது வரியில் கண்ணைக் கட்டும்.

ஹென்னிங் புட்டே தலைமையிலான குழு இந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு ஒரு விளையாட்டுப் பள்ளிக்குப் போனது. மாணவர்கள் 115 பேர். பதிமூன்றிலிருந்து பதினாறு வயது. முதலில் வழக்கமான வகுப்பு முடிந்ததும் எல்லோருக்கும் ஒரு பரீட்சை. பிறகு இரண்டு பிரிவு. ஒரு பிரிவுக்குப் பத்து நிமிடம் சாதாரண விளையாட்டு வகுப்பு. இன்னொரு பிரிவுக்கு அதே பத்து நிமிடம், ஆனால் வேறு வகை. இரண்டு கையும் இரண்டு காலும் ஒத்துழைக்க வேண்டிய, யோசித்துச் செய்ய வேண்டிய சிக்கலான அசைவுகள். பிறகு மறுபடியும் டி-2.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இரண்டு பிரிவின் இதயத்துடிப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது, உடம்பு பட்ட பாடு சமம். வித்தியாசம், தலை பட்ட பாட்டில். முடிவு 2008ல் வெளியானது. இரண்டு பிரிவுமே முன்னேறியிருந்தது. சிக்கலான பயிற்சி செய்த பிரிவு கூடுதலாக.

கொஞ்சம் பொறுங்கள். இரண்டாம் தடவை எழுதினால் யாராக இருந்தாலும் மார்க் ஏறத்தானே செய்யும்? ஆமாம். அதனால்தான் ‘பத்து நிமிடம் குதித்தால் புத்தி வளரும்’ என்று இதை வைத்து யாராவது டானிக் விற்க வந்தால் நம்ப வேண்டாம். இரு பிரிவுக்கும் இடையில் இருந்த அந்த வித்தியாசம் மட்டும்தான் சரக்கு. அது சின்னதுதான். ஆனால் இருந்தது. நம்மூரில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். திருப்பித் தந்ததாகச் சரித்திரமே இல்லை. கவனம் வர வேண்டும் என்பதற்காகத்தான் அவர் அதைப் பிடுங்கினார் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

எலிகளிடமிருந்து இன்னொரு சாட்சி. சக்கரத்தில் ஓடும் சுண்டெலியின் மூளையில், ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில், புதிய நரம்புச் செல்கள் கூடுதலாகப் பிறக்கின்றன என்பது 1999ல் தெரிந்துவிட்டது. இடத்தையும் வழியையும் ஞாபகத்தில் வைக்கும் வேலையில் பெரும்பங்கு இந்தப் பகுதிக்குத்தான். ஓடாமல், குழாயும் பொம்மையும் நிறைந்த பெரிய கூண்டில் புதிது புதிதாகத் துழாவும் சுண்டெலிக்கும் செல்கள் கூடின. இரண்டையும் சேர்த்தால்? ஜெர்மனியில் கெர்ட் கெம்பர்மன் குழு பத்து நாள் சக்கரம், அடுத்த 35 நாள் புதுக்கூண்டு என்று வைத்துப் பார்த்தது. 2009ல் முடிவு. தனித்தனியாகக் கிடைத்ததைவிடச் சுமார் 30 சதவீதம் அதிகம். அவர்கள் சொன்ன விளக்கம் நம் விவசாயிக்குச் சட்டென்று புரியும். ஓட்டம் நாற்று விடுகிறது. புதிர் அதைப் பிழைக்க வைக்கிறது. நாற்று மட்டும் விட்டுவிட்டு வயல் பக்கமே போகாவிட்டால் கருகிவிடும்.

சுண்டெலிக்கு நடந்ததெல்லாம் நமக்கும் நடக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பெரிய மனிதர்களின் மூளையில் புதுச் செல் எவ்வளவு பிறக்கிறது என்பதிலேயே விஞ்ஞானிகளுக்குள் இன்னும் அடிதடி ஓயவில்லை.

கடைசியில் ஒருவழியாக ஆய்வுக்கூடமும் காடும் சந்தித்துக்கொண்டன. கனடாவில் ஹாமில்டன் நகரம், மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம். ஜெனிஃபர் ஹைஸ், எம்மா வாடிங்டன் ஆகியோரின் குழு, 18 வயதிலிருந்து 87 வயதுவரை 158 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்தது. ஓரியன்டீரிங்கில் ஊறியவர்கள், இடம் அறிதலிலும் அது சார்ந்த ஞாபகத்திலும் தாங்கள் கெட்டி என்று எழுதியிருந்தார்கள். 2023ல் இது வெளியானது. நல்ல செய்திதான். ஆனால், அவர்களே தங்களுக்குப் போட்டுக்கொண்ட மார்க் அது. தவிர, கோழியா முட்டையா கேள்வி வேறு. காடு அவர்களுக்குத் திசையறிவைக் கொடுத்ததா, ஏற்கெனவே திசையறிவு உள்ளவர்கள்தான் காட்டுக்குப் போனார்களா?

அடுத்த வருடமே அந்தக் கேள்விக்கு அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். இந்த விளையாட்டின் வாசனையே இல்லாத 63 பேரைப் பிடித்தார்கள். சராசரி வயது 21. பாதை 1.3 கிலோமீட்டர். மூன்று பிரிவு. ஒரு பிரிவு மேப்போடு வேகமாக. இன்னொன்று மேப்போடு மிதமாக. மூன்றாவது, மேப் இல்லாமல் வெறும் வேகம். முன்னும் பின்னும் ரத்தம் எடுத்தார்கள். ஞாபகத்துக்குப் பரீட்சை வைத்தார்கள். வேகமாக ஓடியவர்களிடம் லாக்டேட் அதிகம் ஏறியது. கூடவே பி.டி.என்.எஃப். என்கிற புரதமும். நரம்புச் செல்லுக்கு உரம் மாதிரியான சமாசாரம் அது. உரத்தைப் பொறுத்தவரை, மேப் இருந்ததா இல்லையா என்பதைவிட, எவ்வளவு வேகம் என்பதுதான் பேசியது. மேப்பும் வேகமும் சேர்ந்தால் மூளைக்கு நல்லது என்பதே அவர்கள் கட்சி. ஆனால், இது ஒரே ஒரு நாள் ஓட்டம். ஒரு வருடம் ஓடினால் என்ன ஆகும் என்பதை இந்த 1.3 கிலோமீட்டர் சொல்லாது.

வரலாறு இங்கே ஒரு குட்டிக்கரணம் அடித்திருப்பதைக் கவனித்தீர்களா? கில்லாண்டருக்கு ஓட்டம்தான் குறி. மேப் வெறும் தூண்டில்புழு. பையன்கள் ஓடினால் போதும் அவருக்கு. நூறு வருடம் கழித்து வந்த விஞ்ஞானிகளுக்கு மூளைதான் குறி. ஓட்டம் அதற்கு உரம்.

ஓடுகிறவர்களுக்கு இந்தப் பஞ்சாயத்தெல்லாம் தெரியாது. பிரான்ஸில் தியெரி ஜார்ஜியூ என்று ஒருவர். ‘முழு வேகம், பிழை கூடாது’ என்பது அவருடைய தாரக மந்திரம். 2003லிருந்து உலகப் பட்டங்களாக வாங்கிக் குவித்தவர். அணிக்கான அஞ்சல் ஓட்டத் தங்கம் மட்டும் கைக்கு வராமல் போக்குக் காட்டியது. 2008ல் செக் நாட்டில், முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது வாய்க்குள் ஒரு பூச்சி புகுந்து தொண்டையில் கொட்டிவிட்டது. ஓட்டம் அங்கேயே முடிந்தது. மறு வருடம் ஹங்கேரி. மிஷ்கோல்ட்ஸ் அருகே காடு. கடைசிச் சுற்று. பதக்கத்துக்காக முன்னால் பறந்துகொண்டிருந்த சிலரில் அவரும் ஒருவர். கூட ஓடிய ஸ்வீடன் வீரர் மார்ட்டின் யோஹான்சனின் தொடையில் ஒரு மரக்குச்சி ஆழமாகக் குத்திச் செருகிக்கொண்டது. மேப், காடு, காலடி என்று கவனத்தின் கடைசிக் காசுவரை செலவாகிக்கொண்டிருக்கும் நேரம் அது. ஜார்ஜியூ நின்றுவிட்டார். நார்வேயின் ஆண்டர்ஸ் நூர்ட்பெர்கும் செக் வீரர் மிகல் ஸ்மோலாவும்கூட. மூவரும் பதக்கத்தை விட்டுவிட்டு அடிபட்டவருக்கு உதவினார்கள்.

பின்னால் வந்த ஸ்விட்சர்லாந்து தங்கம் வாங்கியது. ஜார்ஜியூ அணிக்கு அது 2011ல், சொந்த நாட்டுக் காட்டில் கிடைத்தது.